திரைப்பேச்சும் தற்செயல் நேயரும்: வலையொலியிலிருந்து வானொலிக்கு

ஒரு திரைப்படத்தைப் பற்றி இருவர் பேசிக்கொள்ளும் பேச்சு, கைப்பேசியில் கேட்கும் வலையொலியாக இருந்தால் என்ன, வானலையில் வரும் வானொலி நிகழ்ச்சியாக இருந்தால் என்ன, பேச்சு ஒன்றுதானே என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. குரல் அதே குரல். படமும் அதே படம். ஆயினும், வலையொலியில் தொடங்கிய திரைப்பேச்சு ஒன்று வானொலிக்கு இடம்பெயரும்போது, மொழியைப் பொறுத்தவரை பெரியதொரு மாற்றம் நிகழ்கிறது என்பதே நமது கருத்து. அம்மாற்றம் பேசுபவரைவிடக் கேட்பவரைச் சார்ந்தது. வலையொலியைக் கேட்பவர் அதைத் தேடி வந்தவர். வானொலியைக் கேட்பவருள் ஒரு பகுதியினர் தேடாமல் வந்தவர்கள்; அடுத்த அறையில் யாரோ திருகிவைத்த பெட்டியிலிருந்து வருவதைக் காதில் வாங்கிக்கொண்டவர்கள். அவர்களைத் ‘தற்செயல் நேயர்’ என இக்கட்டுரையில் அழைப்போம். ‘நேயர்’ என்னும் சொல் அன்புடையவரைக் குறிக்கும். தற்செயலாய்க் கேட்பவருக்கு இன்னும் அந்த அன்பு பிறக்கவில்லை என்று யாரேனும் திருத்தினால் அதனையும் ஏற்கலாம். சிங்கப்பூரில் தமிழின் நிலையைக் கருதும்போது, இந்தத் தற்செயல் நேயரே நம் கவனத்துக்கு முதலில் உரியவர்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 2004 பிப்ரவரியில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் இங்கிலாந்தின் ‘கார்டியன்’ நாளிதழில் எழுதிய கட்டுரையொன்றில், இணையவழிப் புதிய ஒலிபரப்புக்கு என்ன பெயரிடலாம் என்று வினவி, சில பெயர்களை விளையாட்டாக முன்வைத்தார். அவற்றுள் ஒன்றே ‘பாட்காஸ்ட்’. அக்காலத்தில் எங்கும் பரவியிருந்த ஐபாட் கருவியின் பெயரோடு ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வாலை ஒட்டிய கலவை அது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தனது ஐடியூன்ஸ் செயலியில் அதற்கு இடமளித்தபின் சொல்லும் பொருளும் உலகெங்கும் பரவின. தமிழில் ‘வலையொலி’ என்றனர். காணொளித் தளத்துக்கு வழங்கும் ‘வலையொளி’க்கும் இதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு என்பதால் வகுப்பறையில் குழப்பம் நேர்வதுண்டு. லகர ளகர வேறுபாட்டைக் கற்பிக்க ஆசிரியர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வலையொலியாகப் பிறந்த திரைப்பேச்சு வானொலிக்குச் சென்றதற்கு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு சான்று உண்டு. 2005இல் ஆடம் கெம்பனார், சாம் வான் ஹால்கிரன் என்னும் இருவர் ‘சினிகாஸ்ட்’ என்ற பெயரில் திரைப்படங்களைப் பற்றி வாரந்தோறும் பேசத் தொடங்கினர். பின்னர் ‘ஃபிலிம்ஸ்பாட்டிங்’ எனப் பெயர் மாறிய அந்நிகழ்ச்சி, சிகாகோவின் பொது வானொலி நிலையத்திலும் இடம்பெற்றது. எதிர்த்திசைப் பயணமும் நடந்திருக்கிறது. 2001 முதல் பிபிசி ரேடியோ 5 லைவ் அலைவரிசையில் மார்க் கெர்மோடும் சைமன் மேயோவும் நடத்திவந்த திரை விமர்சன நிகழ்ச்சி 2022இல் அங்கிருந்து விடைபெற்றுத் தனி வலையொலியாயிற்று. ஆக, இது ஒருவழிப் பாதையன்று. போகிறவர் எதைப் பெறுகிறார், எதை இழக்கிறார் என்பதை நம் வரலாற்றினூடாகக் காண்பது பயன்தரும்.

சிங்கப்பூரில் வானொலியும் திரைப்படமும் தொடக்கத்திலிருந்தே அண்டை வீட்டார். பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1936இல் பணியைத் தொடங்கி, 1937 மார்ச்சில் கால்டிகாட் குன்றில் நிலையம் அமைத்தது. ஈராண்டுக்குப் பின், 1939இல், கேத்தே கட்டடத்தின் திரையரங்கு திறக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அதே கேத்தே கட்டடத்தில் ஜப்பானிய ஒலிபரப்புப் பிரிவு இயங்கியது. 1943 அக்டோபர் 21ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்ததும் அக்கட்டடத்தின் அரங்கில்தான். படம் காட்டக் கட்டிய கூரையின் கீழ் ஒலிபரப்பும் அரசியலும் ஒருசேரக் குடிபுகுந்த காலம் அது. இன்று அவ்வழியே செல்லும் மாணவர் அதன் முகப்பைச் சற்று நின்று பார்க்கலாம்.

போருக்குப்பின் 1946இல் ரேடியோ மலாயா அமைந்து, தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளில் ஒலிபரப்பியது. 1959இல் சிங்கப்பூருக்கெனத் தனி வானொலி உருவானது, 1963 பிப்ரவரியில் தொலைக்காட்சி வந்தது, 1980இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம், பிறகு மீடியாகார்ப். நிறுவனப் பெயர்கள் மாறிய இக்கதையை இவ்வளவோடு நிறுத்திக்கொள்வோம். நாம் கவனிக்கத்தக்கது வேறு. தமிழ் ஒலிபரப்பு இவ்வளவு காலமும் ஒற்றை வாயிலாகவே இருந்துவந்தது. ‘ஒலிக்களஞ்சியம்’ என வழங்கி, இன்று ‘ஒலி 96.8’ எனப்படும் அலைவரிசையே இந்நாட்டின் ஒரே முழுநேரத் தமிழ் வானொலி. சென்னையிலோ கோலாலம்பூரிலோ ஒரு நிலையம் பிடிக்கவில்லையென்றால் திருகி அடுத்ததற்குப் போகலாம். இங்கே அடுத்தது தமிழாக இராது. எனவே பாட்டியும் பேரனும், கட்டுமானத் தொழிலாளியும் வழக்கறிஞரும், நான்கு தலைமுறையாக இங்கிருப்பவரும் சென்ற ஆண்டு வந்தவரும் ஒரே அலைவரிசையில் கூடவேண்டியவராயினர். இந்த நெருக்கடி தயாரிப்பாளருக்குச் சுமைதான். மொழிக்கு அது ஒரு பேறு என்றே நாம் கருதுகிறோம்.

அந்தக் கூட்டத்துக்கு ஏற்ற தமிழை வானொலி எவ்வாறு கண்டது என்பதற்குப் பி. கிருஷ்ணன் அவர்களின் பணி நல்ல சான்று. ‘புதுமைதாசன்’ என்னும் புனைபெயரில் எழுதியவரும், 2008இல் கலாசாரப் பதக்கம் பெற்றவருமாகிய அவர், வானொலியில் நீண்ட காலம் பணியாற்றினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழில் வானொலிக்கு ஆக்கிய அதே கை, ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ என்னும் நகைச்சுவைத் தொடரையும் எழுதியது. 1960களின் இறுதியில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்கு மக்கள் குடிபெயர்ந்துகொண்டிருந்த வேளையில், அப்புதிய வாழ்வையே களமாகக் கொண்டு ஒலித்த தொடர் அது. மெக்பெத்துக்கு ஒரு தமிழ், அண்ணாசாமிக்கு ஒரு தமிழ் என இரண்டும் ஒரே நிலையத்திலிருந்து புறப்பட்டன. இலக்கியத் தமிழ் வேண்டுமா, பேச்சுத் தமிழ் வேண்டுமா என்று இன்று நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம்; அன்றைய வானொலி அந்தப் பட்டிமன்றத்துக்குக் காத்திராமல் இரண்டையும் ஒலிபரப்பிவிட்டது.

திரைப்படம் வானொலிக்குள் நுழைந்த கதை இதைவிடச் சிக்கலானது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்களை அகில இந்திய வானொலிக்குத் தகாதவை எனக் கருதி ஒதுக்கினார். செவ்வியல் இசையைக் காக்கும் எண்ணம் அவருடையது. விளைவு வேறாயிற்று: நேயர்கள் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புக்குப் பெயர்ந்தனர். சிற்றலை வழியே கடல் கடந்து வந்த அந்த ஒலிபரப்பில் திரைப்பாடலுக்குத் தடையில்லை. 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலி ‘விவித் பாரதி’யைத் தொடங்கித் திரைப்பாடலுக்குக் கதவு திறந்தது. அதற்குள் ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் ஏற்பட்ட சுவைப்பழக்கம் எளிதில் மாறவில்லை.

இலங்கை வானொலி பாடலை மட்டும் தரவில்லை. பாடலுக்கு முன்னும் பின்னும் பேசும் கலையையும் அது வளர்த்தது. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் தம் குரலாலேயே அறியப்பட்டனர். படம் எது, பாடியவர் யார், இசையமைத்தவர் யார் என்னும் விவரங்களைத் திருத்தமான உச்சரிப்போடு, நேயரை அழைத்துப் பேசும் தொனியில் அவர்கள் வழங்கினர். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ திரைப்பாடலை மொழிவிளையாட்டாக்கிற்று; பாடலின் முதலெழுத்தை நினைவிலிருந்து தேடும் பயிற்சி அது. இன்றைய திரை வலையொலியாளர் தமக்கு முன்னோடி யாருமில்லை என எண்ணினால், இவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்கவேண்டும்.

தமிழகத்தில் அதே காலத்தில் ‘ஒலிச்சித்திரம்’ என்றொரு வடிவம் செல்வாக்குப் பெற்றது. திரைப்படத்தின் ஒலித்தடத்தைச் சுருக்கி, காட்சியில்லாமல், வசனமும் பாடலுமாக ஒலிபரப்பும் நிகழ்ச்சி அது. ‘பராசக்தி’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ போன்ற படங்களின் வசனங்கள் காதால் கேட்டே மனப்பாடமாகும் தன்மையுடையவை என்பதால் இவ்வடிவம் பொருந்திற்று. படத்தைப் பாராமலே அதன் வசனத்தை ஒப்புவித்தவர் பலர். திரை வசனம் எழுதியவர்கள் மேடைத் தமிழிலிருந்து வந்தவர்கள். ஒலிச்சித்திரம் அதை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது. ஞாயிறு பிற்பகலில் தெருவில் நடந்து சென்றவர் வீடுவீடாக அதே வசனத்தைத் தொடர்ந்து கேட்கலாம். தற்செயல் நேயர் என நாம் கூறியது இதனைத்தான்.

சிங்கப்பூரில் இத்தெருவுக்கு நிகரானது சிராங்கூன் சாலை. பாட்டுக்கடை, உணவுக்கடை, நகைக்கடை, பூக்கடை ஆகிய ஒவ்வொன்றின் ஒலியும் கலந்து நடைபாதைக்கு வந்துவிடும். அருகே மெக்கன்சி சாலையில் 1946இல் திறந்த ரெக்ஸ் திரையரங்கு 1983இல் மூடப்பட்டு, 2009இல் தமிழ்ப் படங்களுக்காக மீண்டும் உயிர்பெற்றது. ‘பிரியா’, ‘நினைத்தாலே இனிக்கும்’ ஆகிய படங்கள் 1970களின் இறுதியில் இந்நகரில் படமாக்கப்பட்டு, அவற்றின் பாடல்கள் இந்நகரின் கடைகளிலேயே ஒலித்தன. ஊர் தன்னையே திரையில் கண்டு, மறுபடி ஒலியாகக் கேட்டது. தேக்காவுக்குக் காய் வாங்க வந்தவர் இவற்றைத் தேடிக் கேட்டவரல்லர். அவர் காதில் விழுந்தது, அவ்வளவே. ஆனால் அப்படி விழுந்த சொற்களில் எத்தனையோ நம் பேச்சில் தங்கிவிட்டன.

தற்செயல் நேயரை இழந்த மொழிக்கு என்ன நேரும் என்பதை அறிய, இந்நாட்டின் மற்றொரு வரலாற்றைக் காணவேண்டும். 1949இல் சிங்கப்பூரில் ‘ரெடிஃபியூஷன்’ என்னும் கம்பிவழி ஒலிபரப்பு தொடங்கிற்று. மாதச் சந்தா கட்டினால் வீட்டுக்கோ கடைக்கோ ஒரு பெட்டி பொருத்தப்படும். காப்பிக்கடைகளில் அப்பெட்டியின் முன் கூட்டம் கூடும். கேண்டனீஸ் மொழியில் லீ டாய் சோ கதை சொல்வார். ஹொக்கியன், தியோச்சு மொழிகளிலும் புகழ்பெற்ற கதைசொல்லிகள் இருந்தனர். காப்பி குடிக்க வந்தவர் கதையின் நடுவே வந்து, முடியும்வரை எழாமல் இருந்துவிடுவார். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியதையடுத்து, வானொலி தொலைக்காட்சிகளில் சீனக் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1982ஆம் ஆண்டு வாக்கில் நின்றன. அக்கொள்கையின் நன்மை தீமையை ஆராய்வது நமது நோக்கமன்று. பள்ளியும் வேலையும் இல்லமும் சேர்ந்தே ஒரு மொழியின் வழக்கைத் தீர்மானிக்கின்றன. எனினும், வீட்டில் சீனக் கிளைமொழியை அதிகம் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 14.3 விழுக்காடாகவும் 2020இல் 8.7 விழுக்காடாகவும் இருந்தனர் என்பதை நினைவிற்கொள்ளலாம்.

தமிழுக்கு அந்நிலை நேரவில்லை. தமிழ் அதிகாரத்துவ மொழி. பள்ளியில் கற்பிக்கப்படும் மொழி. அதற்கென அலைவரிசை உள்ள மொழி. ஆயினும் அதே கணக்கெடுப்புகளில், இந்தியருள் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 36.7 விழுக்காட்டிலிருந்து 27.9 விழுக்காட்டுக்கு இறங்கினர்; ஆங்கிலத்தை அதிகம் பேசுவோர் 41.6இலிருந்து 59.2 விழுக்காட்டுக்கு ஏறினர். வீட்டில் தமிழ் கேளாத பிள்ளை, செவிப்பொறி மாட்டிக்கொண்டு கேட்கும் அக்காவின் வலையொலியையும் கேளாது. அக்காவுக்குத் தமிழில் திரைவிமர்சனம் கிடைத்துவிட்டது, தம்பிக்குக் கிடைக்கவில்லை. இருவரும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். செவிப்பொறியின்மீது நமக்கு வழக்கொன்றுமில்லை. பெருவிரைவு ரயிலில் அது அண்டை இருக்கைக்காரருக்கு நாம் செய்யும் மரியாதையும்கூட. ஆனால் பின்னணியில் தானாகக் கேட்டுவந்த தமிழ் அதனால் குறைந்துவிட்டது என்பது உண்மை.

இனி, இடம்பெயரும்போது பேச்சு எவ்வாறு மாறவேண்டியுள்ளது எனப் பார்ப்போம். வலையொலிக்குக் கடிகாரமில்லை. ஒரு படத்தின் இடைவேளைக் காட்சியைப் பற்றி மட்டுமே நாற்பது நிமிடம் பேசலாம். வானொலியில் மணிக்கொரு செய்தியும், விளம்பரமும், போக்குவரத்து நிலவரமும் உண்டு. அதைவிட முக்கியமானது, நேயர் எந்த நிமிடத்திலும் உள்ளே வருவார் என்பது. வாகனத்தை இப்போதுதான் இயக்கியவருக்கு எந்தப் படம், பேசுவது யார் என்பது தெரியாது. ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை படத்தின் பெயரைச் சொல்லவேண்டும். முன்பு சொன்னதை வேறு சொற்களில் சுருக்கவேண்டும். வலையொலிக்குப் பழகியவர்க்கு இது சலிப்பூட்டும். உண்மையில் ஒரே கருத்தை மூன்று வகையில், மூன்று சொற்களில் சொல்லும் பயிற்சி இது. கட்டுரை எழுதும் மாணவரிடம் ஆசிரியர் எதிர்பார்ப்பதும் இதுவே.

பாடல் உரிமை இன்னொன்று. திரைப்பாடலைப் பற்றிப் பேசும் வலையொலி பலவற்றில் பாடலே இருப்பதில்லை. இசையமைப்பாளர், பாடலாசிரியர், ஒலிப்பதிவு நிறுவனம் ஆகியோரிடம் தனித்தனியே உரிமை பெறுதல் தனிமனிதர்க்கு எளிதன்று. வானொலி நிலையமோ உரிமைச் சங்கங்களோடு ஒட்டுமொத்த உடன்பாடு செய்துகொண்டு பாடலை ஒலிபரப்புகிறது. பல்லவியின் எதுகையை விளக்கிவிட்டு உடனே அப்பல்லவியை ஒலிக்கச்செய்ய வானொலியாளரால் இயலும். பாட்டில்லாமல் பாட்டைப் பேசிய வலையொலியாளர், வானொலிக்கு வந்தவுடன் முதலில் மகிழ்வது இதற்காகத்தான். பிறகே அவர் தம் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டதை உணர்வார்.

கட்டுப்பாடும் உண்டு. உரிமம் பெற்ற வானொலி, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உள்ளடக்க நெறிகளுக்கு உட்பட்டது. நண்பர்களுக்கிடையே வழங்கும் ஏச்சும் கொச்சையும் வலையொலியில் கடந்துபோகும், வானொலியில் போகா. இதனால் பேச்சின் உயிர் போய்விடும் என்று இளையர் அஞ்சுவது முற்றிலும் காரணமற்றதன்று. வலையொலியில் சிரித்துச் சண்டையிட்ட இருவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்ததும் செய்தி வாசிப்பவர்போல் விறைத்துவிடக்கூடும். நடிகரின் நடிப்பு “மிகவும் சிறப்பாக அமைந்துள்ளது” என்று ஒருவர் கூற, மற்றவர் “ஆம், நீங்கள் கூறுவது சரியே” என்பார். கேட்பவர் வேறு மொழி நிலையத்துக்குத் திருகிவிடுவார். இது நடந்தால் இடப்பெயர்ச்சியே வீண்.

இங்கேதான் பேச்சுத் தமிழ் குறித்து நம் கல்வியுலகம் எடுத்த முடிவு துணைக்கு வருகிறது. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பள்ளிகளில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தரப் பரிந்துரைத்தது. படித்தோர் பொதுவிடத்தில் பேசும் திருத்தமான பேச்சு வழக்கையே அது கருதியது. எந்த வட்டாரத்துக்கும் தனியுரிமையாகாத, கொச்சையும் நீங்கிய, எழுத்துத் தமிழின் விறைப்பும் அற்ற அந்த வழக்கைப் பாடநூலில் எழுதிக் காட்டுதல் கடினம். அதைக் காதால் கேட்டே கற்கவேண்டும். அதற்கு ஏற்ற பொருள் திரைப்படம். எல்லோரும் பார்த்தது; எல்லோருக்கும் கருத்துள்ளது; மாறுபட்டால் பகை விளையாதது. “படம் எனக்குப் பிடிக்கல, ஆனா கடைசி அரைமணி நேரம் அசையாம உட்கார்ந்திருந்தேன்” என்று ஒருவர் கூறினால் அது வானொலிக்கும் ஏற்கும், வகுப்பறைக்கும் ஏற்கும்.

ஆங்கிலக் கலப்பைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. திரைத்துறையின் சொற்கள் பல ஆங்கிலமே. ‘கேமரா’வும் ‘கிளைமாக்ஸ்’உம் தமிழ் நாவுக்குப் பழகிவிட்டன, அவற்றோடு மல்லுக்கு நிற்கவேண்டியதில்லை. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, திரைக்கதை, பின்னணி இசை ஆகியவை நன்கு வேரூன்றிய தமிழ்ச் சொற்கள். படங்களின் தொடக்க எழுத்துகளிலேயே இடம்பெறுபவை. சொல் இருந்தும் வினைச்சொல் ஆங்கிலமாகிவிடுவதே இன்றைய சிக்கல். பெயர்ச்சொல்லைக் கடன் வாங்கிய மொழி பிழைத்துக்கொள்ளும். வினைச்சொல்லைத் தொடர்ந்து கடன் வாங்கினால் வாக்கியமே கைமாறிவிடும். வானொலித் தயாரிப்பாளர் ஒருவர் வலையொலிப் பதிவைத் திருத்த அமர்ந்தால், முதலில் வினைகளை நோக்கவேண்டும் என்பது நமது பரிந்துரை.

உயர்நிலைப்பள்ளிகளிலும் தொடக்கக்கல்லூரிகளிலும் வாய்மொழிப் பயிற்சிக்காக மாணவர் ஒலிப்பதிவு செய்வது இன்று எளிது. கைப்பேசி ஒன்று போதும். இருவர் சேர்ந்து, தாம் அண்மையில் பார்த்த படத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசிப் பதிவு செய்யட்டும். பிறகு அதையே, எட்டு நிமிட வானொலித் துண்டாக, படத்தைப் பாராத ஒருவரும் நடுவிலிருந்து கேட்கத் தொடங்கினாலும் விளங்கும்படி மறுபடி பேசட்டும். இரண்டாம் பதிவை மாணவரின் பாட்டியோ தாத்தாவோ சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்கலாம். அவர் இடையில் எந்த இடத்தில் “என்ன சொன்னே?” என்று கேட்கிறார் என்பதைக் குறித்துவைத்தால், மூன்றாம் பதிவில் திருத்தவேண்டிய இடம் அதுவாக இருக்கும்.